மேசையில் சொன்னது

எங்கள் சபைகளில் ஒரு போதகனின் வீட்டுக் கூரை ஒழுகலாம், குரல் கரகரக்கலாம், பிரசங்கம் நீண்டு ஜனங்கள் கொட்டாவி விடலாம். சாட்சி மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. சாட்சி என்றால் கடவுள் அவனைக் கையும் களவுமாகப் பிடித்த கதை. குடித்துக் கிடந்தேன், டாக்டர்கள் கைவிட்டார்கள், பஸ் பள்ளத்தில் உருண்டது என்று ஒவ்வொருவனும் ஒன்று வைத்திருப்பான். இறையியல் கல்லூரியில் என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஞாயிறு பாடசாலைக்குப் போனேன், மழை நாளிலும் போனேன், அவ்வளவுதான். "உன்ன ஆண்டவர் தேடவே இல்லடா, காணாமப் போனாத்தானே தேடுறதுக்கு" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

கேலி செய்யாதவன் ஒருவன் இருந்தான். விடுதியில் என் அறைத் தோழன். நான் மனம் விட்டுப் பேசிய முதல் ஆளும் அவன்தான். படிப்பு முடிந்ததும் எனக்கு எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபை கிடைத்தது, அவனுக்குக் கலேவெல. எனக்கு மழையும் அட்டையும், அவனுக்கு வெயிலும் புழுதியும் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இரண்டும் மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே அமைந்ததில் எங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஞாயிறு முழுக்கப் பேசித் தீர்க்கிறவர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு நாள். அன்று இருவரும் மாத்தளை டவுனில் சந்திப்போம். அவன் தம்புள்ளையில் பஸ் மாறி வருவான். வரும்போது யாராவது லொறிக்காரர் கொடுத்த கத்தரிக்காயோ கறிமிளகாயோ பையில் இருக்கும், பாதி எனக்கு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடை. அதில் கடைசி மேசை எங்களுடையது. ரொட்டியும் கட்டச் சம்பலும் பாலில்லாத பிளேன்டியும் வந்த பிறகு ஒருவரையொருவர் ஒரே கேள்வி கேட்போம்: "இந்த வாரம் ஜெபிச்சியா?" சபைக்காகவோ நோயாளிகளுக்காகவோ அல்ல. நீ, உன் கடவுளோடு, தனியாக. பொய் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். பகல் தொழுகைக்கு நேரமானதும் நானா கடையை அரைவாசி சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய் வருவார். அவருக்கு நேரம் வந்தால் தொழுகை. எங்களுக்கோ நேரம் இருந்தும் ஜெபம் வராது. அதைப் பற்றித்தான் எங்கள் பேச்செல்லாம்.

வராது என்பதை வெளியில் சொல்ல முடியுமா? ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவன் தனக்கு ஜெபம் வரவில்லை என்றால் சபை என்ன நினைக்கும்? ஆனால் இது இளம் போதகர்களுக்கு வரும் வியாதி. விடியற்காலையில் வேதத்தைத் திறந்து இரண்டு வசனம் தாண்டுவதற்குள் மனம் பிரசங்கம் கட்டத் தொடங்கிவிடும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று தலைப்புப் போடும். எனக்காக என்று உட்கார்ந்தவன் சபைக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு வாய் மிஞ்சாது. அவனுக்கும் அதே கதைதான். அதனால் ஒரு விதி வைத்தோம். வைத்தவன் அவன்.

"மேசையில சொல்றது பீடத்துக்குப் போகக் கூடாது மச்சான். இது ஒண்ணாச்சும் நமக்குன்னு இருக்கட்டும்" என்றான்.

பிரசங்க பீடத்தில் ஏறிவிட்டால் எங்கள் ஜாதி ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது என்று அவனுக்கும் தெரியும்.

நான் தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு கைக்குழந்தையை அடக்கம் பண்ண வேண்டி வந்தது. அதுவே என் முதல் அடக்கம். காய்ச்சலில் போன பெண் குழந்தை. தாய் கொழுந்து பறிக்கிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறவர், ஓடி வந்தார், அடக்கம் முடிந்ததும் லீவும் முடிந்தது என்று திரும்பிப் போய்விட்டார். குழியருகில் நின்று புத்தகத்தில் இருந்ததை வாசித்தேன். வாசித்து முடித்த பிறகும் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை இவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. என்னிடம் ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே பீலி. மலைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி விட்டிருக்கும் இடம். குளிப்பது, குடம் பிடிப்பது, காலில் ஏறிய அட்டையைக் கழுவி விடுவது எல்லாம் தோட்டத்தில் அங்கேதான். எந்நேரமும் ஆள் நிற்கும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பின்னால் ஒருவர் வந்து நிற்பது தெரிந்தால், தண்ணீரில் நிற்பவர் திரும்பிப் பார்க்காமலே ஓர் எட்டுத் தள்ளி நின்று இடம் விடுவார். நகருங்கள் என்று யாரும் கேட்பதில்லை. அன்று கொட்டும் மழையில் அங்கே ஒருவரும் இல்லை. செருப்பில் ஒட்டியிருந்த கல்லறைச் சேற்றைக் கழுவிக்கொண்டு நின்றேன். "எனக்குத் தெரியல" என்று வாய்விட்டுச் சொன்னேன். அது ஜெபமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் என் உடம்பு தானாக ஓர் எட்டுத் தள்ளி நின்றது. யாருக்கோ இடம் விட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. ஆனால் நான் தனியாகவும் இல்லை.

இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. குரல் இல்லை, வெளிச்சம் இல்லை, மயிர்க்கூச்செறியவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டிவிட்டுத் தூங்கினேன். அடுத்த நாள் விடியற்காலை வேதத்தைத் திறந்தபோது மனம் தலைப்புப் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், சும்மா உட்கார்ந்திருக்க முடிந்தது. நாள் தவறாமல் அப்படிப் போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒன்று இருந்தது.

அவனிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"இத யார்கிட்டயும் சொல்லிறாத மச்சான். சபையிலயும் சொல்லாத. இது உனக்கு மட்டும் குடுத்தது" என்றான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் சொந்தப் பீடத்தில் நின்று, நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன்.

அடுத்த வருடம் மாத்தளை டவுனில் பல சபைகள் சேர்ந்து ஒரு கன்வென்ஷன் வைத்தார்கள். பேச அழைக்கப்பட்டவர்களில் என் நண்பனும் ஒருவன். பெருமை தாங்கவில்லை எனக்கு. வேன் பிடித்து என் சபையாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அடக்கத்துக்குப் பிறகு ஆராதனைக்கு வருவதையே குறைத்திருந்த அக்காவும் வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, என் நண்பனுக்கு நல்ல வார்த்தைகளைக் கொடும் ஆண்டவரே என்று ஊக்கமாக ஜெபித்தேன். கேட்டது கிடைத்தது, அந்த வார்த்தைகள் யாருடையவை என்பதுதான் வழக்கு.

"என் ஊழியத்துல நான் செஞ்ச முதல் அடக்கம் ஒரு பச்சப் புள்ளையோடது" என்று ஆரம்பித்தான். இவனுக்குமா, என்னிடம் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். மழை என்றான். தாய் முகத்தைப் பார்த்தாள் என்றான். செருப்பில் சேறு என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலேவெலயில் பீலிக்கு எங்கே போவது? ஆகவே அதைக் குழாய்க் கிணறு ஆக்கியிருந்தான். "எனக்குத் தெரியல ஆண்டவரே" என்று கதறினானாம். உடனே கிணற்றின் கைப்பிடி தானாக இறங்கியதாம், தண்ணீர் பாய்ந்ததாம், ஒரு வெளிச்சம் வந்ததாம், தோளில் ஒரு கை, காதில் ஒரு குரல்: "மகனே, நான் அறிவேன்." நல்ல வேளை, அந்தத் தண்ணீரைத் திராட்சை ரசமாக்காமல் விட்டான்.

மண்டபம் அழுதது. கீபோர்டுக்காரர் மெல்லத் தொடங்கி, கைகள் உயர உயரச் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்தில் இருந்த மூத்த போதகர் என் முழங்காலைத் தட்டி, "உங்க கூட்டாளிகிட்ட இருந்து கத்துக்கிடுங்க தம்பி, இதுதான் அந்தரங்க ஜீவியம்" என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அவன் அங்கே அள்ளி அள்ளி வார்த்துக்கொண்டிருக்கிறான், நெய்க்குச் சொந்தக்காரன் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்று அது என்னுடையது என்று சொல்ல முடியுமா? சொன்னால் பைத்தியம் என்பார்கள். இனி என் வாழ்நாளில் அதை எங்கே சொன்னாலும் அவனைப் பார்த்து அடித்த கள்ளன் நான்தான்.

வேனில் திரும்பும்போது அக்கா எனக்குப் பின்சீட்டில் இருந்தாள். மாதக்கணக்கில் ஆமாங்க, இல்லைங்க என்பதற்கு மேல் பேசாதவள் முன்னால் சாய்ந்து பேசத் தொடங்கினாள்.

"ஐயா, கலேவெலயிலயும் ஒரு தாய்க்கு எனக்கு மாதிரியே நடந்திருக்குங்களே. மழையிலதானாம் அடக்கம்."

நான் திரும்பவில்லை.

"நம்ம லயத்துல எல்லாருக்கும் புள்ளைங்க இருக்குங்க. என்னையக் கண்டா பேச்ச மாத்திக்கிறாங்க. பாவம், அவங்களும் என்ன செய்வாங்க. அந்தம்மாகிட்டன்னா நான் ஒண்ணும் விளக்கிச் சொல்லத் தேவயில்லைங்க. ஒரு தடவ அவங்களப் பாக்கணும். கூட்டிட்டுப் போவீங்களா?"

"பாப்போம்க்கா" என்றேன்.

அந்தச் சாட்சியை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். வாரத்துக்குள் எங்கள் தோட்டத்தில் போன் இருந்தவர்கள் எல்லாரிடமும் அது இருந்தது. லயத்துப் பக்கம் போனால் ஏதாவது ஒரு காம்பரா அறையிலிருந்து அவன் குரல் கேட்கும். அக்கா கொழுந்து பறிக்கும்போதுகூடப் போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கேட்கிறாள் என்றார்கள்.

என் விடியற்காலைகள் நாசமாயின. கண்ணை மூடினால் மைக்கின் எதிரொலியோடு அவன் வருவான். பீலியை நினைத்தால் குழாய்க் கிணற்றின் கைப்பிடி இறங்கும். நான் அந்த இடத்தில் எப்படி நின்றேன், மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒரு நாள், வெளிச்சம் உண்மையில் வரவில்லைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று அழுதேன். சாதாரணத் திருடன் எடுத்தால் இடமாவது காலியாகக் கிடக்கும். இவன் எடுத்த இடத்தில் தன் சாமானை வைத்துவிட்டுப் போயிருந்தான். கடவுள்மேலும் கோபம் வந்தது. மண்டபத்தில் அத்தனை பேரைத் தொட்டது அவர்தானே? பொய்யென்று தெரிந்தும் ஏன் தொட்டார்? அந்தக் கேள்வியோடு ஜெபிக்க முடியவில்லை, அதை விட்டுவிட்டும் ஜெபிக்க முடியவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்காருவதை விட்டுவிட்டேன்.

கன்வென்ஷனுக்குப் பிறகு வந்த முதல் திங்கட்கிழமையே கடைசி மேசையில் அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். வந்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ கோவமா இருப்பன்னு தெரியும் மச்சான்" என்றான். அதாவது, தெரிந்துதான் செய்திருக்கிறான்.

"ஏன்டா?" என்றேன்.

"நீ சொல்றப்பவே எனக்குள்ள அது நடந்துருச்சு. சத்தியமா. பஸ்ல அழுதுகிட்டே போனேன் அன்னிக்கு. எங்கிட்ட என்ன இருக்கு சொல்லு? நான் ஜெபிச்சா ஒண்ணுமே இல்ல, வெறும் செவரு. மேடைல ஏறுனேன், வாய்ல அதுதான் வந்துச்சு."

"குழாய்க் கிணறும் தானா வந்துச்சா?"

சிரிக்கவில்லை. "நீ சும்மா பூட்டி வச்சிருந்த. நான் ஜனங்களுக்குக் குடுத்தேன். எத்தன பேரு மனந்திரும்புனாங்க தெரியுமா? உனக்குள்ள வச்சிருந்தா யாருக்கு லாபம்?"

பூட்டி வை என்று சொன்னவன் நீதானே என்று கத்தினேன். நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, அந்தக் குழந்தையைப் பெற்ற தாய் மண்டபத்தில் இருந்ததையும், கலேவெலக்கு வந்து அந்த இன்னொரு தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதையும் சொன்னேன். அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் பிளேன்டியையே கலக்கிக்கொண்டிருந்தான். என்னிடம் மன்னிப்புக் கேட்காவிட்டாலும் அவளிடம் வந்து கேட்பான் என்று நம்பினேன். இந்தப் பாவி மனதுக்கு நம்புவதே வேலை.

"அந்தக் குடும்பம் ஊர மாறிப் போயிட்டாங்கன்னு சொல்லிரு. எங்கன்னு தெரியாதுன்னு சொல்லு. அவங்களுக்கும் மனசு நோகாது" என்றான்.

என் அனுபவத்தை எடுத்தான், இப்போது என் வாயையும் இரவல் கேட்கிறான். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, "வா, ஜெபிப்போம்" என்று மேசைமேல் கையை நீட்டினான். நான் கை கொடுக்கவில்லை. அவனே கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிட்டான்: "அன்பின் பிதாவே, என் சகோதரனோட மனசுல இருக்கிற கசப்ப எடுத்துப் போடும்..." நல்ல உருக்கமான குரல் அவனுக்கு. அவன் ஆமென் சொல்வதற்குள் நான் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் நான் மலையை விட்டு இறங்கவில்லை.

ஒரு மாலை, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்து வேறு சீலை கட்டிக்கொண்டு அக்கா நான் இருந்த போதகர் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தேயிலைப் பொட்டலம்.

"அந்தம்மாவுக்குங்க. அந்தப் பக்கம் நல்ல தூள் கெடைக்காதாம். வெறுங்கையோட எப்படிப் போறது? வார ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு போவமாங்க ஐயா?"

ஊர் மாறிப் போய்விட்டார்கள். ஒரே ஒரு வரி. நாக்கில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் பொட்டலத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தபோது அது அவன் குரலில்தான் வரும் என்று தெரிந்தது.

"கலேவெலயில அப்படி ஒரு அம்மா இல்லக்கா."

"எங்கயாச்சும் போயிட்டாங்களா?"

"இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. அவரு சொன்னது நம்ம புள்ளையோட அடக்கத்த. கூட்டாளின்னு நம்பி நாந்தான் அவருகிட்டச் சொன்னேன். அவரு தனக்கு நடந்த மாதிரி மாத்திச் சொல்லிட்டாரு."

அக்கா உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் திட்டை எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

"அப்ப நான் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தது எம்புள்ளையவா?"

"ஆமாங்கக்கா."

"எனக்கே அடையாளம் தெரியலியே ஐயா."

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, யாரிடமோ கணக்குக் கேட்பதைப் போல, நிதானமாகச் சொன்னாள்: "புள்ள போனதுல இருந்து எனக்குன்னு ஜெபம் பண்ண வாய் வரலைங்க. அந்தம்மாவுக்குன்னு பண்ண வந்துச்சு. காலையில மலைக்குப் போறப்ப தெனமும் பண்ணுனேன். அந்தம்மா நல்லாத் தூங்கணும், சாப்புடணும், புருசன் கூட இருக்கணும்னு. இப்ப நீங்க ஆளே இல்லைங்கிறீங்க. இனி நான் யாருக்குப் பண்ண?"

இதற்குக் கல்லூரியில் பதில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எந்த ஜெபமும் வீணாகாது, நீங்கள் உங்களுக்காகவே ஜெபித்திருக்கிறீர்கள் என்று அழகாக ஆரம்பிக்கலாம், மூன்று தலைப்புகூடப் போடலாம். அவன் என்றால் போட்டிருப்பான்.

"எனக்காகப் பண்ணுங்கக்கா. எனக்கும் ஜெபம் வர மாட்டேங்குது" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேங்க ஐயா" என்றாள்.

அந்த ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முடிந்ததும் எல்லாரையும் போல எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.